பல்லுக்கு ஒரு ட்ரை ரன்

போன சங்கஷ்டி சதுர்த்தி அன்று ரஞ்சன்காவ் மகாகணபதி கோயில் வாசலில் என் பல் உடைந்தது.

பிரசாதமாகக் கொப்பரைத் துண்டும் கற்கண்டும் கையில் வைத்தார்கள். நம்மூர்ப் பழக்கத்தில் கற்கண்டை நாக்கில் அடக்கி வைக்காமல் கடைவாய்க்குத் தள்ளி ஒரு கடி கடித்தேன். டக். கற்கண்டு உடைந்த சத்தம் என்றுதான் நினைத்தேன். நாக்கால் துழாவினால் கற்கண்டு முழுசாக இருக்கிறது, கீழ்த்தாடை வலது பக்கம் ஒரு மூலை காணோம். நான் கோவில்பட்டிக்காரன். 2020ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாயை, அந்தக் குறியீடு வருவதற்கு நாற்பது வருடம் முன்பிருந்தே கடித்து வளர்ந்த பல் இது. போயும் போயும் ஒரு கற்கண்டில் போய்விட்டது. அதுவும் யார் வாசலில்? ஒற்றைத் தந்தத்தோடு உட்கார்ந்திருப்பவர் வாசலில்.

இந்தக் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவன் பிள்ளையாரைக் கும்பிட மறந்துவிட்டார், பிறகு நினைவு வந்து கும்பிட்டு ஜெயித்த இடம் ரஞ்சன்காவ் என்பது இங்கே சொல்லும் கதை. அதே கதை நம் பக்கம் மதுராந்தகத்துக்கு அருகே அச்சிறுபாக்கத்தில் நடக்கிறது. அங்கே பிள்ளையார் தேரின் அச்சையே முறித்துவிடுகிறார். பதினைந்து வருடமாக இந்த ஊர் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் மோல்டு செய்யும் டூல் ரூமில் வேலை பார்க்கிறவனுக்கு அச்சு முறிந்த கதைதான் நெருக்கம். சோதித்துப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினால் அச்சு முறியத்தான் செய்யும்.

புனேயில் பி.டி.எஸ். இரண்டாம் வருடம் படிக்கும் தங்கை மகளுக்கு போன் போட்டேன். போசரியில் பிறந்து வளர்ந்த பெண். தமிழும் மராட்டியும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"அரே மாமா, எந்தப் பல்லு? நாப்பத்தாறா?"

"எனக்கு அம்பத்தொண்ணு ஆகுது."

"வயசு இல்ல மாமா! பல்லு நம்பர்!"

வாயை நாலு கால்பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்க எண் வைத்திருக்கிறார்கள். முதல் இலக்கம் கால்பகுதி, இரண்டாவது நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. கீழ் வலது முதல் பெரிய கடைவாய்ப்பல் 46. ஞானப்பல் 48. டிராயிங் பார்த்து வாழ்கிறவனுக்கு இது உடனே பிடித்துப்போனது. மராட்டியில் கடைவாய்ப்பல்லுக்கு 'தாட்' என்று பெயர். "தாட் துக்தே கா?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டபோது தாடை வலிக்கிறதா என்கிறார் என்று நினைத்து இல்லை என்று தலையாட்டிவிட்டேன். ஞானப்பல் அவர்களுக்கு 'அக்கல் தாட்'. அறிவுப் பல்! அது பின்னால் வரும்.

சிக்ராபூரில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். உடைசல் நரம்பு வரை போய்விட்டது, ரூட் கெனால் செய்து மேலே கேப் போட வேண்டும் என்றார். மூன்று முறை உட்கார வைத்தார். முன்பு எப்போதோ பல் டாக்டரிடம் போனவனுக்கு ஒவ்வொன்றும் புதுசாக இருந்தது. முதலில் ஒரு ரப்பர் தாளில் ஓட்டை போட்டு அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே இழுத்து, மற்ற வாயை மூடிவிட்டார். ஆகா, என்ன நவீனம் என்று வியந்தேன். வீட்டுக்கு வந்து படித்தால் ரப்பர் டேம் என்கிற அந்தத் தாள் 1864ல் சான்ஃபோர்டு பார்னம் என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்தது! நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழசு. இதற்கு முன்னால் நான் போன ஒரு கிளினிக்கிலும் அதைக் கண்டதில்லை.

அடுத்து வேர்க்குழாயின் நீளத்தை அளக்க ஒரு சின்னப் பெட்டி. உதட்டில் ஒரு கொக்கி, பல்லுக்குள் இருக்கும் ஊசியில் ஒரு கிளிப். ஊசி உள்ளே போகப் போக பீப்... பீப்... வேர் நுனியைத் தொடும்போது பீப்பீப்பீப். நம் வீட்டு மல்டிமீட்டரின் சொந்தக்காரன்தான். வாயின் உள்தோலுக்கும் வேரைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் நடுவே உள்ள மின்தடை யார் வாயிலும் ஏறத்தாழ ஆறரை கிலோ ஓம் என்று 1962ல் சுனாதா என்ற ஜப்பானியர் காட்டினார். அந்த ஒற்றை எண்ணிலிருந்து கிளம்பிய குடும்பம் இது. எக்ஸ்ரேயை மட்டும் நம்பி அளந்த காலத்தில் அரை மில்லிமீட்டர் அப்படி இப்படிப் போவது சகஜமாம்.

குழாயைச் சுத்தம் செய்யும் அரமும் மாறியிருக்கிறது. நிக்கல் டைட்டானியம். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் பிறந்த உலோகம். அந்தக் கூடத்தின் பெயரைச் சேர்த்துத்தான் அதை நிட்டினால் என்கிறார்கள். வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிரும். 1988ல் வாலியா என்பவரும் கூட்டாளிகளும் இதில் பல் அரம் செய்து காட்டிய பிறகு, வளைந்த வேருக்குள் வளைந்தே போகிற கருவி பல் மருத்துவர்களுக்குக் கிடைத்தது. ஸ்டீல் அரம் நேராகப் போகத்தான் பார்க்கும். வேரின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும் அபாயம் உண்டு. வளைவான துளை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று மோல்டில் கூலிங் லைன் போடுகிறவர்களைக் கேளுங்கள், கண் கலங்குவார்கள்.

எனக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது கேப்புக்கு அளவு எடுத்தபோது. பழைய காலத்தில் ஒரு கரண்டி நிறைய குளிர்ந்த மாவை வாயில் அமுக்கி, குமட்டலோடு மூன்று நிமிடம் உட்கார வைப்பார்கள். இந்த டாக்டர் பேனா மாதிரி ஒரு ஸ்கேனரை வாய்க்குள் நடத்தினார். திரையில் என் பற்கள் முப்பரிமாணத்தில் வளர்ந்தன. எங்கள் டிசைன் ரூமில் கோரையும் கேவிட்டியையும் சுழற்றிப் பார்ப்போமே, அதே மாதிரி டாக்டர் என் தாடையைச் சுழற்றினார். லேபில் கேப்பை ஜிர்கோனியாவில் மில்லிங் செய்கிறார்கள். ஃபைவ் ஆக்சிஸ் மெஷின்! 1985ல் சூரிச்சில் மோர்மான் என்ற பல் மருத்துவரும் பிராண்டெஸ்டினி என்ற பொறியாளரும் செரெக் என்ற இயந்திரத்தில் முதல் பல் துண்டைக் கடைந்து பொருத்தியிருக்கிறார்கள். அப்போது நான் கோவில்பட்டியில் பம்பரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

ஜிர்கோனியாவை சுண்ணாம்புக் கட்டி போன்ற அரைவேக்காட்டு நிலையில் கடைந்துவிட்டு, பிறகு 1500 டிகிரியை ஒட்டிய சூளையில் வேக வைக்கிறார்கள். வேகும்போது சுருங்கும். அதனால் இருபது இருபத்தைந்து சதவீதம் பெரிதாகவே கடைய வேண்டும். நாங்கள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு அரை சதவீதம் ஷ்ரிங்கேஜ் விடவே ஆயிரம் முறை யோசிப்போம். இவர்கள் இருபது சதவீதம் விட்டுவிட்டு, கடைசியில் பல்லில் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார வைக்கிறார்கள். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டதில் டாக்டர், "அண்ணா, கொஞ்சம் வாயத் திறந்தே வச்சிருங்க, பேசினா ஸ்கேன் விட்டுப்போகுது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

இதையெல்லாம் மருமகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அசரவில்லை. "மாமா, ஞாயித்துக்கிழமை பல் மருத்துவக் கருவிக் கண்காட்சி இருக்கு. வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டறேன்" என்றாள். ரஞ்சன்காவிலிருந்து புனே ஐம்பது கிலோமீட்டர். வழியில் வாகோலி நெரிசலைச் சேர்த்தால் அது கிலோமீட்டர் கணக்கில் அடங்காது. போனேன்.

பல் வெட்டிப் பழகும் சிமுலேட்டர் வைத்த ஒரு ஸ்டாலில் வரிசை நின்றது. குட்டையான மேஜை, மேலே ஒரு சாய்ந்த கண்ணாடித் திரை, அதன் அடியில் கையை நுழைக்க இடம். உள்ளே இரண்டு குச்சிகள். இடது கைக்கு வாய்க்கண்ணாடி, வலது கைக்கு ஏரோட்டர், அதாவது பல் குடையும் டிரில்லின் கைப்பிடி. காலடியில் பெடல். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தால், என் கைகள் இருக்கும் அதே இடத்தில் ஒரு கடைவாய்ப்பல் அந்தரத்தில் நிற்கிறது. குச்சியை நகர்த்தினால் அதன் நுனியில் வைரப் பொடி ஒட்டிய 'பர்' நகர்கிறது. பல்லைத் தொட்டேன். தொட்டது! கை நின்றுவிட்டது. காற்றில்தான் தொடுகிறோம் என்று மூளைக்குத் தெரியும், விரல் ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

ஸ்டால் பையனிடம் மெஷின்காரன் புத்தியில் விசாரித்தேன். குச்சியைத் தாங்கும் கைகளின் மூட்டுகளில் மோட்டார்கள். நுனி எங்கே இருக்கிறது என்று கணினி ஒரு வினாடிக்கு ஆயிரம் முறை பார்க்கிறது. பல்லுக்குள் போயிருந்தால் எதிர்ப்பக்கம் தள்ளச் சொல்லி மோட்டாருக்கு ஆணை. கண்ணை ஏமாற்ற வினாடிக்கு முப்பது, அறுபது படம் போதும். விரலை ஏமாற்ற ஆயிரம் வேண்டும். குறைந்தால் எனாமல் ரப்பர் மாதிரி அமுங்கும், அல்லது கை நடுங்கும். விரல் நுனி கண்ணை விடக் கறாரான தணிக்கையாளர் என்பதை எங்கள் பழைய ஃபிட்டர்கள் சிமுலேட்டர் இல்லாமலே அறிவார்கள். டயல் கேஜ் வைப்பதற்கு முன்னாலேயே நகத்தால் தடவி "லேசா தூக்குது சார்" என்பார்கள்.

முதல் பயிற்சி ஒரு கட்டையில் கூட்டல் குறி வடிவத்தில் பள்ளம் எடுப்பது. எடுத்தேன். திரையில் நல்ல மதிப்பெண். மருமகளைப் பெருமையாகப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் பென்சில் கிரைண்டர் பிடித்த கை, அறுபதாயிரம் ஆர்.பி.எம். பார்த்த கை. ஏரோட்டர் மூன்று லட்சத்துக்கு மேல் சுற்றும் என்பது வேறு விஷயம். 1957ல் ஜான் போர்டன் கொண்டுவந்த காற்றுச்சுழலி அது. பல் டாக்டர் என்றதும் நமக்கு முதுகுத்தண்டில் ஓடும் அந்தக் கீச்சுச் சத்தத்துக்கு அவர்தான் தகப்பன்.

இரண்டாவது பயிற்சி, கடைவாய்ப்பல்லில் சொத்தை எடுத்து அடைப்புக்கு ஒரு குழி வெட்டுவது. எனாமல் வரை எனக்குப் பிரச்சினை இல்லை. எனாமல் என்றால் சும்மா இல்லை, விக்கர்ஸ் கடினம் 300 ஐச் சுற்றி இருக்கும். நம் வாசல் கேட்டுக்குப் போடும் எம்.எஸ். கம்பி அதில் பாதிகூட வராது. ஆனால் எனாமலுக்குக் கீழே டென்டின், அதன் கடினம் 60 ஐ ஒட்டி. எனாமலுக்கு அழுத்திய அதே அழுத்தத்தோடு கை டென்டினுக்குள் இறங்கியதும் பர் வெண்ணெயில் கத்தி போனது போலப் போய்விட்டது. திரை சிவந்தது. பல்ப், அதாவது பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் அறை. மொத்தம் மூன்று நொடி.

"மாமா, பேஷன்ட் கத்திட்டான்."

"மெட்டீரியல் திடீர்னு மாறுதும்மா!"

"எல்லா வாயிலயும் அப்படித்தான் மாறும். மோதிர விரலை எங்க வச்சீங்க? பக்கத்துப் பல்லுல ஊன்றணும். ஊன்றாம வெட்டினா வழுக்காம என்ன செய்யும்?"

வெட்கமாக இருந்தது. கிரைண்டர் பிடிக்கும்போது மணிக்கட்டை பெஞ்சில் ஊன்றாத பயிற்சியாளர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். இரண்டாவது முறை விரலை ஊன்றி, அரை அரை நொடியாகப் பெடலை மிதித்து வெட்டினேன். டென்டின் தொடங்கும் இடத்தில் கை இளகுவது இப்போது முன்கூட்டியே தெரிந்தது. மூன்றாவது முறை மேல் தாடைப் பல்லைக் கொடுத்தாள். கண்ணாடியில் பார்த்து வெட்ட வேண்டும். இடது வலது ஆகிறது, முன் பின் ஆகிறது. அந்தப் பல்லுக்கு என்ன ஆனது என்று எழுதப்போவதில்லை.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண், யாருடைய அம்மாவோ, மெல்லக் கேட்டார்: "இது வர்றதுக்கு முன்னாடி எதுல பழகினாங்க?"

உலோகத் தலையில் பழகினார்கள். 1894ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் ஒரு கம்பியின் முனையில் இரண்டு பித்தளைத் தாடைகளை மாட்டி, பல்லை வைத்து, மாணவர்களுக்குக் கொடுத்தார். 'ஃபாண்டம் ஹெட்' என்று பெயர். இன்றைக்கும் நம் கல்லூரிகளில் வரிசை வரிசையாக நாற்காலியில் சாய்ந்து, ரப்பர் கன்னத்தோடு வாயைப் பிளந்துகொண்டு கிடப்பது அந்தத் தலையின் பேரப்பிள்ளைகள்தான். வேடிக்கை என்னவென்றால், நூறு வருடம் கழித்து எம்.ஐ.டி.யில் தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் விரலுக்குத் தொடுவுணர்வு தரும் முதல் மேஜைக் கருவிகளில் ஒன்றைச் செய்தபோது அதற்கும் ஃபாண்டம் என்றே பெயர் வைத்தார்கள். ஆவி என்று பொருள். இரண்டுமே, இல்லாத நோயாளியைத் தொட்டுக் காட்டும் சமாச்சாரம், பெயர் பொருத்தம்தான்.

இன்னும் பின்னால் போனால் பலுச்சிஸ்தானில் மெஹர்கர். ஏழாயிரத்து ஐந்நூறு முதல் ஒன்பதாயிரம் வருடம் பழைய கல்லறைகளில் ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப்பற்களில் துளை போட்டிருப்பதை 2006ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆராய்ச்சியாளர்கள் சிக்கிமுக்கிக் கல் முனை வைத்த வில் துரப்பணம் ஒன்றைச் செய்து ஒரு பல்லில் துளைத்தும் பார்த்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஊரில் மணிகளுக்குத் துளை போடும் தொழில் இருந்தது. மணியில் பழகிய கைதான் பல்லுக்கு வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆளுக்கு மணிதான் சிமுலேட்டர்.

எனக்கு இந்த விஷயம் உறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1994ல் பாலிடெக்னிக் படிக்கும்போது, காசு குறைவு என்று ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் வேண்டாம். மேல் இடது கடைவாயில் சின்னச் சொத்தை. ஒரு மாணவர். என்னை விட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். அவர் நெற்றி வியர்வை என் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது இப்போதும் நினைவிருக்கிறது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க தம்பி" என்றார். டிரில் சத்தம் திடீரென்று மாறியது. தலைக்குள் ஒரு வெள்ளை மின்னல். அவர் கையை எடுத்துவிட்டார், முகம் வெளுத்துவிட்டது. சார் வந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் ஏதோ வைத்து அடைத்தார். ஆறு மாதத்தில் அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த இடம் இன்றும் காலியாக இருக்கிறது.

பல வருடம் அவர் மேல் கோபம் இருந்தது. கண்காட்சியில் திரை சிவந்த அந்த நொடியில் அவர் கைக்கு என்ன நடந்தது என்று எனக்கு விளங்கியது. அதே எனாமல், அதே இளகல், அதே மூன்று நொடி. எனக்குத் திரை சிவந்தது, அவருக்கு நான் கத்தினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் தொழிலில் புது புரோகிராம் ஒன்றை மெஷினில் ஏற்றினால் யாரும் நேராக ஸ்டீலில் வெட்டமாட்டார்கள். முதலில் கணினியில் சிமுலேஷன். பிறகு டூலை ஐம்பது மில்லிமீட்டர் மேலே தூக்கி வைத்துக் காற்றில் ஓட்டுவோம். ட்ரை ரன். அதற்குப் பிறகுதான் உலோகம். விமானம் ஓட்டுகிறவர்களுக்கு 1929லேயே எட்வின் லிங்க் என்பவர், ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டு ஆடும் ஒரு பெட்டியைச் செய்துவிட்டார். பல் மருத்துவப் பயிற்சிக்கான பெயர்பெற்ற சிமுலேட்டர்களில் ஒன்றான சிமோடான்ட், ஆம்ஸ்டர்டாம் பல் மருத்துவக் கல்லூரியும் மூக் என்ற நிறுவனமும் சேர்ந்து செய்தது. அந்த மூக் விமான சிமுலேட்டர்களுக்கு அசைவுக் கருவிகள் செய்கிற நிறுவனம். ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு ட்ரை ரன் உண்டு, விமானத்துக்கு உண்டு, என் பல்லுக்கு மட்டும் இல்லாமல் போனதில் இன்றைக்கும் ஒரு சின்ன ஆற்றாமை. காசு குறைந்தவர்கள் வாய்தான் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சிப் பட்டறை. இலவச வைத்தியத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது. யாரும் பில்லில் எழுதவில்லை.

மெஷினைப் பார்த்து நான் மயங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். குறைகளும் கண்ணில் பட்டன. மோட்டார் தரும் எதிர்விசைக்கு ஒரு எல்லை உண்டு, அழுத்தி நெம்பினால் எனாமல் லேசாக விட்டுக்கொடுக்கிறது. உண்மையான பல் விட்டுக்கொடுக்காது. தண்ணீர் தெறிப்பதில்லை, எரியும் வாடை இல்லை. மருமகளின் பேராசிரியை ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். "இந்த மெஷின்ல நாக்கு இல்ல" என்றார் ஒரே வரியில். உண்மைதான். நாக்கு என்பது வாய்க்குள் இருக்கும் ஊர்ப் பெரிய மனிதர். எங்கே வேலை நடந்தாலும் வந்து எட்டிப்பார்க்காமல் இருக்காது.

விலை இன்னொரு சங்கதி. ஒரு மெஷின் பல பத்து லட்சங்களில் வருகிறது. ஒரு கல்லூரி கஷ்டப்பட்டு ஒன்று வாங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். வகுப்பில் நூறு பேர். ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் இரண்டாயிரம் நிமிடம், முப்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினாலும் ஒரு சுற்று முடிய ஒரு வாரம். இருபது நிமிடத்தில் கை எதைப் பழகும்? திறப்பு விழாவுக்கு ரிப்பன், பிராஸ்பெக்டஸில் முழுப்பக்கப் படம், அப்புறம் ஏ.சி. அறையில் உறை போட்டு மூடி வைப்பது என்று ஆகிவிடக்கூடாது. சி.என்.சி. வாங்கி மூடி வைத்த ஐ.டி.ஐ.களைப் பார்த்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். இதை இங்கேயே செய்தால் விலை இறங்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் டச் லேப் பல வருடமாகத் தொடுவுணர்வு ஆராய்ச்சியில் இருக்கிறது. மோட்டாரும் என்கோடரும் அலுமினியக் கையும்தானே, எங்கள் எம்.ஐ.டி.சி.யில் அந்தக் கையைக் கடையத் தெரியாத பட்டறை எது?

நோயாளி தலையில் மாட்டும் வி.ஆர். கண்ணாடியைப் பற்றி நாலு வரி. பல் சுத்தம் செய்யும்போது இரண்டு நோயாளிகளுக்கு அதை மாட்டிப் பார்த்து, வலி குறைந்ததாக 2001ல் ஹண்டர் ஹாஃப்மன் குழு எழுதியது. பிறகு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு கிளினிக்கில் சிலருக்குக் கடற்கரையில் நடப்பது போலவும், சிலருக்கு நகரத்தில் நடப்பது போலவும் காட்டினார்கள். கடற்கரை பார்த்தவர்களுக்கு வலி குறைந்தது; நகரம் பார்த்தவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. வாகோலி சிக்னலைக் காட்டினால் வலி கூடவே செய்யும் என்று நான் உத்தரவாதம் தருகிறேன்.

ரோபோவும் வந்துவிட்டது. 2017ல் சீனாவின் சியான் நகரில் ஒரு பெண்ணுக்கு ரோபோவே இரண்டு இம்பிளான்ட் பல் பொருத்தியது, பிழை 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். எங்கள் டூல் ரூமில் 0.3 போனால் பீஸ் ஸ்கிராப், போட்டவன் அன்றைக்கு டீ குடிக்க வரமாட்டான். ஆனால் எங்கள் ஸ்டீல் மூச்சு விடுவதில்லை, எச்சில் விழுங்குவதில்லை. அதனால் தொப்பியைக் கழற்றுகிறேன்.

கேப் பொருத்திய கடைசி நாளில் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, "அண்ணா, பின்னாடி அக்கல் தாட் சாய்ஞ்சு வளர்ந்திருக்கு, சாப்பாடு சிக்கி சொத்தையாகும், எடுத்துடலாம்" என்றார். இந்த வயதில் அக்கல் போனால் என்ன, எடுங்கள் என்றேன். மரத்துப்போன வாயோடு வெளியே வந்ததும் மருமகள் போன்.

"மாமா, பல்லை வாங்கிட்டு வந்தீங்களா?"

"எதுக்கு?"

"எனக்கு வேணும்! பிரீ கிளினிக்கல் எக்ஸாம் வருது. நிஜப் பல்லு கிடைக்கிறதே இல்ல. கிளாஸ்ல எல்லாரும் கிளினிக் கிளினிக்கா பாட்டில் எடுத்துட்டு அலையறோம்."

ஏற்பாடு எல்லாம் எனக்குத் தெரியாமல் முடிந்திருந்தது. டாக்டரே அவளுக்காக அதை மருந்து நீரில் போட்டு மூடி வைத்திருந்தார். அந்தச் சின்ன பாட்டிலை அடுத்த சனிக்கிழமை போசரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் 48ஐ டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நகைக்கடைக்காரர் வைரம் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. சதுரமான பிளாஸ்டர் கட்டியில் என் அறிவுப் பல் நட்டுக்கொண்டு நிற்கிறது. உச்சியில் ஒரு குழி, ஓரம் கொஞ்சம் பிசிறு. கட்டியின் பக்கத்தில் பேராசிரியையின் சிவப்பு மை: 6/10.

கீழே அவள் எழுதியிருந்தாள்: "பல்ப் வரைக்கும் போகல மாமா."

ஓரத்துப் பிசிறைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல் ஊன்றியது கடைசியில் கொஞ்சம் நழுவியிருக்கிறது. அதைச் சொல்லாமல் ஒரு மோதகம் படம் அனுப்பினேன்.